பக்கத்து சீட்டுக்கு ஒரு ஆல்டர்னேட்டர்

"எந்த வண்டிக்குண்ணே?"

கேட்டவர் பாய். இடம், பெரம்பலூர் நாலு ரோட்டைத் தாண்டி இருக்கும் பழைய லாரி சாமான் கடை. இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றிக் கரண்டு தரும் ஆல்டர்னேட்டர்களைத் தேங்காய் மாதிரி குவித்துவைத்து, நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கிரீஸ் வாசனையும் பக்கத்துக் கடை வடைச்சட்டி வாசனையும் கலந்து வந்துகொண்டிருந்தன. எனக்கு அன்று காலையிலிருந்து சாப்பாடு இல்லை. அதனால் இரண்டுமே நல்ல வாசனையாகத்தான் இருந்தன.

"கொஞ்சம் ஒசரமான வண்டி, பாய்."

"ஒசரம்னா, அறுவடை மிஷினா?"

"அதவிட ஒசரம்."

"போர் போடுற லாரியா?"

"அதவிட."

பாய் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "அதவிட ஒசரமா நம்ம ரோட்டுல எதுவும் ஓடலயேண்ணே."

"ரோட்டுல ஓடுறது இல்ல. ஏரோப்ளேன்."

சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டேன். சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். எனக்கு அது பழக்கம். திருச்சி போகும் லாரி ஒன்று போனது. இன்னொன்றும் போனது. பாய் ஒரு ஆல்டர்னேட்டரை எடுத்து மடியில் வைத்து, கப்பியைக் கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ரிவர்ஸ் இருக்கா அதுக்கு?"

"இல்ல பாய்."

"அப்ப ரிவர்ஸ் ஆரனும் இல்ல. கரண்டு கம்மியாத்தான் இழுக்கும். சின்னதே போதும்ணே."

என்னைப் பார்த்துச் சிரிக்காத முதல் மனிதர் அவர்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அவருக்கு வாழ்நாள் வாடிக்கையாளன் ஆனேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சேவியர். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் கன்வேயர் பெல்ட்டைப் பராமரிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றால் சிலர் வேளாங்கண்ணிக்கு நடந்து போவார்கள். சிலர் கட்சியில் சேருவார்கள். நான் ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் செம்மண் காட்டில் ஒரு தகரக் கொட்டாய் போட்டு, அதற்குள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் ஏரோப்ளேன் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்ஜின், ஆயுள் முடிந்த ஒரு பழைய ஆம்னி வேனுடையது. அந்த வேன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய வண்டி. அவ்வளவு கூச்சலைத் தாங்கிய இன்ஜின் எதையும் தாங்கும் என்பது என் நம்பிக்கை.

டவுன் பஸ் கண்டக்டர் இப்போதெல்லாம் எங்கள் நிறுத்தத்தை "ஏரோப்ளேன் கொட்டாய் எறங்கு" என்றுதான் சொல்கிறார். இறங்குகிறவன் பெரும்பாலும் நான் மட்டும்தான்.

வாசகர்கள் கூப்பிட்டு, "எப்ப சார் பறக்கும்?" என்று கேட்கிறார்கள். அது பற்றி அரசாங்கத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. பேசுவது நான் மட்டும். அனுமதி வரும்வரை அது தரையில்தான் நிற்கும். வாலைப் புளியமரத்தில் கட்டி, சக்கரத்துக்குச் சுண்ணாம்புக்கல் அண்டை கொடுத்து, இன்ஜினை மட்டும் ஓட்டிப் பார்ப்பேன். உலகத்திலேயே மரத்தில் கட்டிப்போட்டு வளர்க்கப்படும் ஒரே ஏரோப்ளேன் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம். நான் இதுவரை எந்த விமானத்திலும் ஏறியதில்லை. என் மனைவி லூர்து, கொட்டாய் பக்கமே வராதவள், எனக்கு எண்ணிக்கை மறந்துபோகும் அளவுக்குக் கடல் தாண்டியிருக்கிறாள். மகள் ஜெனி அயர்லாந்தில் நர்ஸ். அங்கே பேத்தி பிறந்தாள். பார்த்துக்கொள்ள ஆறு மாதம் என்று போன லூர்து, பேத்தி தவழ, நடக்க, பள்ளிக்கூடம் போக என்று ஒவ்வொன்றுக்கும் இருந்துகொண்டே இருந்தாள். வருவாள், வீட்டை ஒட்டடை அடிப்பாள், போவாள்.

தனி ஆளுக்கு எதற்கு?

வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் இன்டர்நெட்டில் கூடிப் பேசும் இடம் ஒன்று உண்டு. உலகம் முழுவதும் என்னைப் போலவே சமையல் தெரியாத ஆண்கள். அங்கே நான் ஒரு கேள்வி போட்டேன். ஆம்னி இன்ஜினுக்கு எந்த ஆல்டர்னேட்டர் பொருந்தும், எந்த பெல்ட் நல்லது?

எங்கிருந்தோ ஒருவர் பதில் போட்டார். பொருள் இதுதான்: ஆல்டர்னேட்டரே வேண்டாம். வீட்டிலேயே பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போ. இக்னிஷனுக்கும் பெட்ரோல் பம்புக்கும் கொஞ்ச நேரத்துக்கு அது தாங்கும். எடை மிச்சம். பெல்ட் தொல்லை மிச்சம். தனி ஆளாகப் பறப்பவனுக்கு ஆல்டர்னேட்டர் எதற்கு?

அவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். நான்தான் அந்தக் கடைசி வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எனக்கு ஆல்டர்னேட்டர் வேண்டும். காரணம், பக்கத்து சீட். இன்ஜின் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. இரண்டு பேரும் மைக் வைத்த ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கம்பி வழியாகத்தான் பேச வேண்டும். அதற்குக் கரண்டு வேண்டும். பெரிய பேட்டரி வைத்தால் மூக்கு கனத்து ஏரோப்ளேன் குனிந்துவிடும் என்று பைக் பேட்டரிதான் வைத்திருந்தேன். பைக் பேட்டரியை நம்பி எவ்வளவு நேரம் பேச முடியும்? அரை மணி நேரம் போனாலே அதிசயம்.

எனக்கு லூர்துவிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. பெரிய வசனமெல்லாம் இல்லை. ஒரே வார்த்தை. போவாத.

அதை வீட்டில் சொல்ல முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது. நான் வாயைத் திறந்தாலே சிரிப்பது என்று கல்யாணமான புதிதிலேயே அவள் முடிவு செய்துவிட்டாள். குற்றம் என்னுடையதுதான். பெண் பார்க்கப் போன அன்றே அவள் அப்பாவிடம், பெல்ட் டிபார்ட்மெண்ட்டில் இருப்பதால் வேட்டி அவிழ்ந்து விழாது என்று சொன்னவன் நான். அன்று சிரிக்க ஆரம்பித்தவள். ஒருமுறை எனக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தபோது, சொல்லிவிட்டு நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கத் தயாராக இருந்தாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயுதான், நல்லவேளை.

போனிலும் முடியாது. அவளுக்கு மதியம் என்றால் எனக்கு அந்தி.

"சாப்டீங்களா?"

"சாப்டேன்."

"என்னா?"

"சாம்பாரு."

"நேத்தும் அதான சொன்னீங்க?"

"அதே சாம்பாருதான்."

அவள் சிரிப்பாள். சிரித்து முடிப்பதற்குள் பேத்தி அழுவாள். சாப்பாட்டைத் தாண்டி எங்கள் பேச்சு ஒரு நாளும் போனதில்லை.

ஆனால் ஏரோப்ளேனில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டு, காதுக்குள் குரல் மட்டும் கேட்டால்? என் மூஞ்சி அவளுக்குத் தெரியாது. பேத்தியும் அழமாட்டாள். அங்கே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஒரு வார்த்தை சொல்ல ஏரோப்ளேன் கட்டிய கிறுக்கன் என்று நீங்கள் நினைத்தால், அது சரிதான்.

குண்டும் ஒல்லியும்

பாய் கடையில் மூன்று ஆல்டர்னேட்டர்களை வரிசையாக வைத்தார்.

முதலாவது லாரியுடையது. தூக்கியபோது இடுப்பில் ஏதோ நகர்ந்தது. அது இருபத்துநாலு வோல்ட்டும்கூட. நமக்கு ஆகாது. இரண்டாவது, ஆம்னியின் சொந்த ஆல்டர்னேட்டர். நல்ல பிள்ளை, ஆனால் கொஞ்சம் சதைப்பிடிப்பு. மூன்றாவது ஒரு சின்ன டிராக்டருடையது. பன்னிரண்டு வோல்ட், கையடக்கம். கரண்டு கொஞ்சமாகத்தான் தரும். எனக்கு வேண்டியதும் கொஞ்சம்தான்.

"எடைக்கா பாக்குறீங்க? ஆல்டர்னேட்டர எளைக்க வைக்கிறதுக்கு அண்ணன் எளைச்சுக்கலாமே."

"நான்தான் பாய் பைலட்டு. என்னைக் கழட்டி வெச்சுட்டுப் போவ முடியாது."

"வயித்த மட்டும் வெச்சுட்டுப் போங்க."

மூன்றாவதை எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு சிக்கல் இருந்தது. வேன் இன்ஜின் ரோட்டில் ஓடும்போது கியர் மாற்றி மாற்றி மூச்சு வாங்கிக்கொள்ளும். ஏரோப்ளேனில் அப்படி இல்லை. ஏறும்போதும் பறக்கும்போதும் ஒரே விரட்டல். ஆல்டர்னேட்டரில் இருக்கும் கப்பி சின்னது. இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் அது இரண்டு சுற்று சுற்றும். அந்த வேகத்தில் நெடுநேரம் ஓடினால் உள்ளே பேரிங் போய்விடும். ஆகவே கப்பியைப் பெரிதாக்க வேண்டும். கப்பி பெரிதானால் ஆல்டர்னேட்டர் நிதானமாகச் சுற்றும், பெல்ட்டுக்கும் பிடிமானம் கூடும். அரியலூரில் ஒரு லேத்தில் அலுமினியத்தில் கடைந்து வாங்கினேன். லேத்துக்காரர் அதைச் சப்பாத்திக் கட்டை என்றே நினைத்தார். தேய்க்கும் பக்கம் எது என்று கேட்டார்.

தண்ணீர் பம்புக்குத் தனி பெல்ட் போட்டேன். வேனில் இரண்டுக்கும் ஒரே பெல்ட். அறுந்தால் சார்ஜும் போகும், இன்ஜினும் கொதிக்கும். ரோட்டில் என்றால் இறங்கித் தள்ளலாம். மேலே இறங்கினால் இறங்கியதுதான்.

பெல்ட் புராணம்

பெல்ட்டில் இரண்டு ஜாதி. ஒன்று, நீளவாக்கில் கோடு கோடாக வரி போட்டது. புதுக் கார்களில் எல்லாம் அதுதான். பிடிமானம் பிரமாதம். ஆனால் இரண்டு கப்பியும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் ஓரம் பிய்ந்துவிடும். இன்னொன்று, நம் ஊர் மக்காச்சோளம் அடிக்கிற மிஷினில் இருக்கும் வி பெல்ட். கொஞ்சம் கோணலைப் பொறுத்துக்கொள்ளும். என்னைப் போன்றவனோடு குடும்பம் நடத்த அதுதான் சரி. ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி, எங்கே போய் விழுந்தாலும் அங்கே ஒரு கடையில் கிடைக்கும் என்பதும் காரணம். விழுவதைப் பற்றி நான் முன்கூட்டியே யோசிப்பவன்.

உள்பக்கம் வெட்டு வெட்டாக இருக்கும் வி பெல்ட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நன்றாக வளையும், சூடும் குறைவு. பாயிடம் சரியான அளவு இல்லை. ஒரு நூல் நீளமானதுதான் இருந்தது.

"இது கொஞ்சம் நீளம்ணே. அடுத்த வாரம் சரக்கு வரும், வந்து வாங்கிக்குங்க."

"அடுத்த வாரம் வரைக்கும் பொறுக்க முடியாது பாய். வூட்ல வராங்க."

"வூட்லேந்து வராங்களா, பெல்ட்டுக்கு?"

பாய் என்னைப் பார்த்தார். அப்புறம் அதே அளவில் இன்னொன்றையும் எடுத்து மேலே வைத்தார். "இதையும் வெச்சுக்குங்க. அல்லா காப்பாத்தட்டும்."

இரண்டாவது எதற்கென்றால், ஏரோப்ளேனை இழுக்கும் காற்றாடி முன்னால் இருப்பதால், அதைக் கழற்றாமல் புது பெல்ட்டை உள்ளே நுழைக்க முடியாது. அதனால் மாட்டும்போதே இன்னொன்றையும் தண்டில் நுழைத்து, ஓரமாகப் பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டி வைத்துவிடுவார்கள். ஓடுகிற பெல்ட் போனால், கட்டை அவிழ்த்து இதை ஏற்றிக்கொள்ளலாம். கொட்டாயில் உட்கார்ந்து மத்தியானச் சாம்பார் சாதம் சாப்பிடும்போது நான் அந்த இரண்டாவது பெல்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் ஒன்று ஓயாமல் ஓட, வேலையே இல்லாமல் ஓரமாகக் கட்டிக் கிடக்கிறது. அதோடு எனக்கு ஒரு நட்பு உண்டாயிற்று. "ஒன் நேரம் வரும்டா" என்று சொல்லியிருக்கிறேன். வேறு யாரும் இல்லாத இடம், அதனால் அவமானம் இல்லை.

கத்துகிற பெல்ட்

சர்வீஸ் முழுக்கப் பெல்ட்டோடு குடும்பம் நடத்தியவன் நான். சுரங்கத்திலிருந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் சுமந்து வரும் பெல்ட் அது. சமயத்தில் கல்லோடு கல்லாகச் சங்கும் சிப்பியும் வரும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். லூர்து வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றிரண்டு எடுத்துப்போய்க் கொடுத்திருக்கிறேன். அவள் அப்போது டீச்சர். கடலே நம்மைவிட்டுப் போய்விட்டது, லூர்து போனால் என்ன என்று சிலசமயம் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது ஆறுதலாக இல்லை.

பயிற்சிக்கு வரும் பையன்களிடம் நான் தவறாமல் ஒன்று சொல்வேன். கத்துற பெல்ட்டப் பாத்துப் பயப்படாதீங்க. சத்தமே இல்லாம வழுக்குற பெல்ட்தான் ஆளக் கவுக்கும்.

அவர்கள் எழுதிக்கொள்வார்கள். நான் எழுதிக்கொள்ளவில்லை.

லூர்து வந்தாள். அவளுடைய ஊர் வரதராசன்பேட்டைப் பக்கம். அங்கே திருவிழா. அண்ணன் வீட்டுக்குப் போய், தேர் பார்த்து, பூசை பார்த்து, முந்திரிக்கொட்டை ஒரு பையும் மந்திரித்த மெழுகுவத்தி ஒன்றும் எடுத்துக்கொண்டு அரியலூர் வந்து சேர்ந்தாள். தடித்த, வெள்ளை மெழுகுவத்தி. பாதி எரிந்தது.

"இந்தாங்க. ஒங்க ஏரோப்ளேனுக்கு வேண்டிக்கிட்டேன். அங்க கொண்டுபோயி ஏத்தி வைங்க."

"என்னா வேண்டிக்கிட்ட?"

"அது பறக்கக் கூடாதுன்னுதான்."

"அதுக்கு அரசாங்கமே போதுமே. மாதாவ ஏன் தொந்தரவு பண்ணுன?"

சிரித்தாள். சரி, நம் கதை அப்படித்தான். ஆனால் சிரித்து முடித்ததும், "நாளைக்குச் சாயங்காலம் வரேன், ஒக்காந்து பாக்குறேன்" என்றாள். எனக்கு நம்ப முடியவில்லை. அவளிடமும் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை கொட்டாயில் இன்ஜினைப் போட்டேன். பெல்ட் கத்தியது. பன்றியைத் துரத்திப் பிடிக்கும்போது கத்துமே, அப்படி. ஒரு நூல் நீளம், அதன் வேலையைக் காட்டியது. ஆல்டர்னேட்டரை இழுத்துப் பிடிக்கும் தகடு கடைசி வரை வந்துவிட்டது, இதற்கு மேல் இறுக்க வழியில்லை. பெரம்பலூருக்கு போன் போட்டேன். பாய் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார், கடை இல்லை.

லூர்துவுக்கு அந்தச் சத்தம் ஆகாது. கரும்பலகையில் நகம் கீறினாலே எழுந்து போய்விடுகிறவள். இந்தக் கூச்சலைக் கேட்டால் சீட்டில் ஏறவே மாட்டாள். ஹெட்போன் மாட்டுவதற்கு முன்னாலேயே ஆட்டோவைக் கூப்பிட்டுவிடுவாள்.

சுற்றிப் பார்த்தேன். டேபிள் மேல் மெழுகுவத்தி.

எங்கள் பக்கத்து வீடுகளில் திருவிழா மெழுகுவத்தி பாக்கி இல்லாத வீடு கிடையாது. கதவு கிரீச்சிட்டால் அதைத்தான் தேய்ப்போம். பீரோ இழுப்பறை சிக்கினாலும் அதுதான். ஜிப் மாட்டினாலும் அதுதான். கை தன்னால் போயிற்று. பெல்ட்டின் இரண்டு பக்கவாட்டிலும் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். இன்ஜினைப் போட்டேன்.

சத்தமே இல்லை. சார்ஜ் ஏறாதபோது எரியும் சிவப்பு சார்ஜ் விளக்கும் அணைந்தது. மாதாவுக்கு நன்றி சொன்னேன். சர்வீஸ் முழுக்கப் பெல்ட் பார்த்தவன் என்றும் ஒருமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஹலோ

சாயங்காலம் வந்தாள். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "எங்க கால வைக்கணும்? அங்க வெச்சா ஒடைஞ்சிடுமா?" என்று கேட்டுக் கேட்டு ஏறினாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். சீட் பெல்ட் போட்டுக்கொள்ளச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. டக்கென்று போட்டுக்கொண்டாள். எத்தனை விமானம் பார்த்தவள்.

நான்தான் என் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அதன் மேல் உட்கார்ந்திருந்தேன்.

ஹெட்போனை மாட்டிவிட்டு இன்ஜினைப் போட்டேன். காற்றாடி சுழன்றது. முன்னால் செம்மண் எழும்பி, மயில் ஒன்று பயந்து வேலியைத் தாண்டிப் பறந்தது. அதற்கு மட்டும் அனுமதி தேவையில்லை.

"ஹலோ," என்றாள் லூர்து, காதுக்குள்.

"ஹலோ."

"கேக்குதா?"

"கேக்குது."

"பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு போன் பேசுற மாதிரி இருக்குங்க."

"சாப்டீங்களான்னு கேளு."

சிரித்தாள். காதுக்கு அவ்வளவு பக்கத்தில் அவள் சிரிப்பை நான் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. சிரித்து முடித்தாள். யாரும் அழவில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று மூச்சை இழுத்தேன்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் அவள். "வந்த அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன். ஜெனி மறுபடியும் முழுவாம இருக்கா."

"நல்ல சேதிதான."

"நல்ல சேதிதான். இந்தத் தடவ போனா... புள்ள பள்ளிக்கூடம் போற வரைக்கும் இருக்கச் சொல்றா."

நான் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. பூசை முடிந்து, பீடத்தில் மெழுகுவத்தியை அணைத்ததும் கோயில் முழுக்க வருமே, அதே வாசனை. அதோடு கொஞ்சம் சுட்ட ரப்பர். சார்ஜ் விளக்கு மங்கலாகக் கண் விழித்தது. பிறகு நன்றாகச் சிவந்தது.

மெழுகு உருகிவிட்டது. பெல்ட் ஓடுகிறது, ஆல்டர்னேட்டர் ஓடவில்லை. சத்தமே இல்லாமல் வழுக்குகிறது. பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அப்படியே என் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. இனி இருப்பதெல்லாம் பைக் பேட்டரியில் இருப்பதுதான். இக்னிஷன், பெட்ரோல் பம்பு, எங்கள் பேச்சு, மூன்றும் அதிலிருந்துதான் குடிக்க வேண்டும்.

இன்ஜினை நிறுத்தி, ஓரமாகக் கட்டிக் கிடக்கும் அந்த இன்னொரு பெல்ட்டை அவிழ்த்து ஏற்றலாம். கொஞ்ச நேர வேலை. அது காய்ந்த பெல்ட், மெழுகு படாதது, கத்தினாலும் வேலை செய்யும். ஆனால் நிறுத்தினால் அவள் இறங்கிவிடுவாள். இறங்கினால் மறுபடி ஏறமாட்டாள்.

நான் நிறுத்தவில்லை.

"அந்தச் செவப்பு லைட்டு என்னாங்க?"

"அது ஒண்ணும் இல்ல. நீ பேசு."

பேசினாள். அங்கே சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுவதைச் சொன்னாள். ஜெனி டூட்டிக்குப் போனபின் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைச் சொன்னாள். எதிர்வீட்டுக் கிழவி கை அசைப்பாளாம், இவளும் அசைப்பாளாம், அவ்வளவுதான் அன்றைய பேச்சாம். பிள்ளை தூங்கும்போது தனக்குத்தானே தமிழில் கணக்குப் பாடம் சொல்லிப் பார்த்துக்கொள்வாளாம். இதில் எதையும் அவள் எனக்குச் சொன்னதில்லை. நானும் சாம்பாரைத் தவிர எதையும் சொன்னதில்லை.

"நீங்களும் வாங்களேன்," என்றாள். "பாஸ்போர்ட்டுதான் இருக்குல்ல. ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கித் தரேன்."

"நான் வந்தா இத யாரு பாத்துக்குவா?"

"இதத்தான் மரத்துல கட்டிப் போட்டிருக்கீங்களே. எங்க போயிடப் போவுது?"

"அதுல்ல லூர்து. எவன் பெல்ட் மாட்டுனான்னு தெரியாத வண்டியில எப்படி ஏறுறது?"

அவள் சிரிக்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக, நான் சொன்ன ஒரு ஜோக்குக்கு அவள் சிரிக்கவில்லை. காதுக்குள் அவள் மூச்சு மட்டும் கேட்டது. இன்ஜின் ஒருமுறை தும்மியது. விளக்கின் சிவப்பு மங்க ஆரம்பித்தது. அதற்கும் கரண்டு போதவில்லை.

இதுதான் நேரம். முன்னால் பார்த்துக்கொண்டே, ஜோக் எதையும் துணைக்குக் கூப்பிடாமல், மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு சொன்னேன்.

"போவாத லூர்து. நீ இல்லாம என்னால முடியல."

இன்ஜின் இரண்டு முறை இருமியது. காற்றாடி மெதுவாகி, இலை இலையாகக் கண்ணுக்குத் தெரிந்து, ஒருமுறை பின்னால் ஆடி நின்றது. செம்மண் இறங்கியது. எவ்வளவு அமைதி என்றால், வேலிக்கு அந்தப் பக்கம் போன மயில் சருகில் நடப்பது கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். லூர்து ஹெட்போனைக் கழற்றவில்லை. இரண்டு கையாலும் அதைக் காதோடு அழுத்திக்கொண்டு, முன்னால் பார்த்தபடி, காடு முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தாள்.

"ஹலோ? ஹலோ? என்னமோ சொன்னீங்களே, ஒண்ணும் கேக்கல. லைன்ல இருக்கீங்களா?"

செத்துப்போன மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

"இருக்கேன்," என்றேன்.